ஊசிக்கு 106 கிலோ, நோய்க்கு 65 கிலோ: கொழுப்புக் கல்லீரலில் எங்கட கணக்கு எங்கே?

இங்கிலாந்தில் உடல் எடையைக் குறைக்கும் மவுன்ஜாரோ ஊசியைக் குடும்ப வைத்தியர்கள் மூலம் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை என்.எச்.எஸ். 2025 ஜூன் 23 அன்று தொடங்கியது. எல்லாருக்கும் இல்லை. முதல் ஆண்டு விதிப்படி பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. அதோடு ஐந்து நோய்களில் குறைந்தது நான்காவது இருக்க வேண்டும். தெற்காசியர் போன்றவர்களின் உடம்பு குறைந்த எடையிலேயே பாதிக்கப்படும் என்பதை ஏற்றுக்கொண்டு, எங்களுக்கு 2.5 புள்ளி தள்ளுபடி. ஆகவே 37.5.

37.5 என்றால் எவ்வளவு? 5 அடி 6 அங்குல உயரமுள்ள ஒரு ஆண் கிட்டத்தட்ட 106 கிலோ இருக்க வேண்டும். எங்கட ஆக்களில் அப்படி எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்? கலியாண வீட்டில் ஒருவர், இருவர்.

இதோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 ஜூனில் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ‘மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல்’ என்ற பழைய பெயரைத் தூக்கிவிட்டு, வளர்சிதைமாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று புதுப் பெயர் வைத்தன. மருத்துவக் கடிதங்களில் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று சுருக்கி எழுதுவார்கள். கல்லீரலில் கொழுப்பும், கூடவே ஐந்து ஆபத்துக் காரணிகளில் ஒன்றாவதும் இருந்தால் இந்த நோய். அந்தக் காரணிகளில் முதலாவது உடல் எடை அல்லது இடுப்பளவு. ஆசியர்களுக்கு அங்கே குறித்திருக்கும் பிஎம்ஐ 23. அதே 5 அடி 6 அங்குல ஆணுக்கு அது 65 கிலோ.

நோயின் வரைவிலக்கணம் 65 கிலோவில் தொடங்குகிறது, ஊசியின் வாசல் முதல் ஆண்டில் 106 கிலோவில் திறந்தது. எங்கட சனத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது. ஊசிக்குத் தகுதி தரும் அந்த ஐந்து நோய்கள் எவை தெரியுமா? 2ஆம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய மற்றும் இரத்தக்குழாய் நோய், கொலஸ்ட்ரோல் கோளாறு, நித்திரையில் மூச்சு நின்று போகும் நோய். கொழுப்புக் கல்லீரல் அதில் இல்லவே இல்லை.

நான் லண்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எங்கட ஆக்கள் சொல்லும் ஒரு வசனம் இப்போது எனக்குப் பாடமாகிவிட்டது: “ஸ்கேனில ஈரலில கொஞ்சம் கொழுப்பாம், பயப்பட ஒண்டும் இல்லையாம்.” அதைச் சொல்பவர் பெரும்பாலும் மெலிந்த கை கால்களும் பெல்ட்டுக்கு மேல் தள்ளிய வயிறுமாக நிற்பார். பிஎம்ஐ 26, 27 இருக்கும். பயப்படத் தேவையில்லை என்பது பாதி உண்மை. மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொழுப்பு என்பது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொழுப்பைச் சும்மா உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுமை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். மருத்துவமும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தது. 1994 இல் நியூயோர்க் ரொக்ஃபெலர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தபோது கதை மாறியது. கொழுப்புக் கலங்கள் இரத்தத்தில் விடும் ஹோர்மோன் அது. ‘கையிருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அடுத்த ஆண்டே அடிப்போனெக்டின் என்ற இன்னொன்று வெளியே வந்தது. கொழுப்பு இழையம் என்பது தைரோயிட் மாதிரி, கணையம் மாதிரி ஹோர்மோன் சுரக்கும் ஓர் உறுப்பு.

இந்த இரண்டில் கல்லீரலுக்கு நெருங்கியது அடிப்போனெக்டின். அதன் குணம் விசித்திரமானது. கொழுப்புக் கலங்கள்தான் அதைச் சுரக்கின்றன. ஆனால் கொழுப்புக் கூடக் கூட அது குறைகிறது. லெப்டின் அப்படியில்லை, கொழுப்புக்கேற்ப ஏறும். ஏறி என்ன பயன், அளவு மிஞ்சினால் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடிப்போனெக்டின் கல்லீரலுக்குப் போய் இரண்டு நல்ல காரியம் செய்கிறது. அங்கே சேர்ந்த கொழுப்பை எரிக்கச் சொல்கிறது, தேவையில்லாமல் சர்க்கரை தயாரித்து இரத்தத்தில் விடுவதைக் குறைக்கச் சொல்கிறது. வீக்கத்தையும் தணிக்கிறது. கொழுப்புக் கலங்கள் அளவுக்கு மீறி உப்பும்போது இந்த நல்ல தூது குறைந்து, அவற்றைச் சுற்றி நோயெதிர்ப்புக் கலங்கள் கூடி, டி.என்.எஃப். ஆல்பா போன்ற வீக்கப் பொருட்கள் கசியத் தொடங்கும். அந்தப் பொருள் இன்சுலின் வேலை செய்வதைக் குழப்புகிறது என்பதை 1993 இலேயே எலிகளில் காட்டிவிட்டார்கள்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் இரத்தச் சர்க்கரை ஏறுவது என்று மட்டும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொழுப்புக் கலத்தில் இன்சுலினின் முதல் வேலை கதவைப் பூட்டுவது. சாப்பிட்டு முடித்தவுடன் இன்சுலின் வந்து, ‘இப்போது வெளியிலிருந்து சாப்பாடு வருகிறது, களஞ்சியத்தைத் திறக்காதே’ என்று சொல்லும். கலம் அந்தச் சொல்லைக் கேட்காவிட்டால் கதவு திறந்தபடியே கிடக்கும். கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவை போய்ச் சேரும் முக்கியமான இடம் கல்லீரல்.

எவ்வளவு என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 2005 இல் வெளிவந்த அந்த ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு பார்த்தார்கள். 59 வீதம் உடம்பின் கொழுப்பு இழையத்திலிருந்து ஒழுகி வந்தது. 26 வீதம் கல்லீரல் தானே மாச்சத்தையும் சீனியையும் கொழுப்பாக மாற்றிச் செய்தது. சாப்பாட்டிலுள்ள எண்ணெய், கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 வீதம்தான். “எண்ணெய்ப் பலகாரத்தை விட்டிட்டன் டொக்டர், ஆனா ஈரல் கொழுப்புக் குறையேல்லை” என்று புலம்புபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் நற்சான்றிதழ் கொடுப்பதாக எடுக்க வேண்டாம், நிறைந்த கொழுப்பு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கூடாதுதான். ஆனால் எண்ணெயை விட்டுவிட்டு இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டி வந்து கோப்பை நிறையச் சோறும், நாள் முழுக்கச் சீனி போட்ட தேத்தண்ணியும் என்றால், அந்த 26 வீதத்துக்கு நீங்களே விறகு வைக்கிறீர்கள்.

கல்லீரலே இன்சுலினுக்கு அரைக்காது கொடுக்கும் ஒரு விநோதமும் இதில் இருக்கிறது. ‘சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து’ என்றால் அதற்குக் கேட்பதில்லை. ‘கொழுப்புச் செய்’ என்றால் நன்றாகக் கேட்கிறது. கணையமோ, சொல்லுக் கேட்கவில்லையே என்று இன்னும் இன்சுலினைக் கூட்டுகிறது. ஆகவே சர்க்கரையும் ஏறுகிறது, கொழுப்பும் ஏறுகிறது. சீனி வருத்தமும் கொழுப்பு ஈரலும் ஒரே வீட்டில் குடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கொழுப்பு இழையம் நல்லதா கெட்டதா என்று இனிக் கேட்டால் விடை சுவாரசியமானது. பிறவியிலேயே தோலுக்கடியில் கொழுப்பு இழையம் வளராத அரிய நோய் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் கிள்ளக்கூடக் கொழுப்பு இருக்காது. ஆனால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, மோசமான இன்சுலின் எதிர்ப்பு, இளம் வயதில் நீரிழிவு. சேமிக்க இடமில்லாததால் எல்லாம் ஈரலுக்குள் இறங்குகிறது. அவர்களுக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்தால் கல்லீரல் கொழுப்புக் குறைகிறது. 2014 இல் அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்தது. இதற்கு நேர்மாறான சாட்சி பயோகிளிற்றசோன் என்ற பழைய, மலிவான நீரிழிவு மாத்திரை. அதை எடுப்பவர்களுக்கு எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், அடிப்போனெக்டினும் ஏறும், கல்லீரல் கொழுப்போ இறங்கும். தோலுக்கடியில் பாதுகாப்பாகச் சேமிக்கும் இடத்தை அது பெரிதாக்கிக் கொடுக்கிறது. (இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டிலுள்ள தாத்தாவின் மாத்திரையைத் தேட வேண்டாம். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து.)

ஆக, எடை எத்தனை கிலோ என்பது முதல் கேள்வியே இல்லை. உங்கள் களஞ்சியம் எவ்வளவு கொள்ளும், அது எப்போது நிரம்பி வழியத் தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. நியூகாசிலைச் சேர்ந்த பேராசிரியர் ரோய் டெய்லர் இதை ஒவ்வொருவருக்கும் உரிய கொழுப்பு எல்லை என்கிறார். எங்கட எல்லை தாழ்வானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004 இல் லான்செட் சஞ்சிகையில் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. வெள்ளைக்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம். இந்தியரின் உடம்பில் 21.2 வீதம். அந்த ஒரு படம் பல ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சமன் என்பேன். அதே எடையில் தெற்காசியர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், அடிப்போனெக்டின் குறைவு என்பதைப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

புலம்பெயர்ந்ததால் மட்டும் வந்தது என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் ராகமப் பகுதியில் 35 முதல் 64 வயதுவரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், 2009 இலேயே மூன்றில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சென்னை நகரத்தில் அதே காலத்தில் கிடைத்த எண்ணும் ஏறக்குறைய அதுதான். இங்கே வந்தபின் இரவு வேலை, குளிர், கார், வார இறுதி விருந்துகள் மேலே சேர்ந்துகொண்டன.

இந்தப் பின்னணியில் என்.எச்.எஸ். விதியைத் திரும்பப் பாருங்கள். இது வெள்ளையர்களுக்கு மட்டும் செய்த சதி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் இந்த ஊசிக்குத் தகுதியானவர்கள் 34 இலட்சம் பேர் என்று கணக்கிட்டுவிட்டு, முதல் மூன்று ஆண்டுகளில் 2 இலட்சத்து 20 ஆயிரம் பேருக்குத்தான் கொடுக்க முடியும் என்கிறார்கள். காசும் ஆளணியும் இல்லாத இடத்தில் எங்காவது ஒரு கோடு கீறத்தான் வேண்டும். 2.5 புள்ளித் தள்ளுபடியும் நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். என் குறை வேறு. கோடு கீறிய அளவுகோல் எடை. கல்லீரலுக்கு எடை நல்ல அளவுகோல் அல்ல என்பது தெரிந்த பின்னும், கல்லீரல் நோயைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெற்றிரோம் என்ற மாத்திரையும், 2025 ஓகஸ்டில் வெகோவி ஊசியும் வீக்கமும் தழும்பும் கொண்ட கொழுப்புக் கல்லீரலுக்கென்றே அனுமதி பெற்றுவிட்டன. வெகோவி பரிசோதனையில் 72 வாரத்தில் 63 வீதத்தினருக்குக் கல்லீரல் வீக்கம் தீர்ந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் 34 வீதம். தழும்பு குறைந்தவர்கள் 37 வீதம், மற்றப் பக்கம் 22. வெறும் ஊசிக்காரருக்கும் இவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்துப்படி கல்லீரல் கலங்களில் இந்த ஊசிக்கு ஏற்பி கிடையாது. அது பசியைக் குறைத்து, எடையைக் குறைத்து, களஞ்சியத்தின் கசிவைக் குறைப்பதன் மூலமே பெரும்பாலும் வேலை செய்கிறது.

வாசல் பூட்டியிருந்தால் சனம் யன்னலைத் தேடும். 2025 செப்டெம்பரில் மவுன்ஜாரோவின் தனியார் விலை ஒரேயடியாக உயர்ந்தது. மிகக் கூடிய அளவு ஊசிக்கு மருந்தகங்கள் கொடுக்கும் பட்டியல் விலை மாதம் 122 பவுண்ஸிலிருந்து 330 ஆனது. இந்தியாவில் செமாக்ளூட்டைட் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்து மலிவான பிரதிகளுக்கு வழி திறந்திருக்கிறது. ஊருக்குப் போய் வருபவர்களிடம் சேலையோடும் கருவாட்டோடும் இதையும் சொல்லி விடும் காலம் வந்துவிட்டது. “அண்ணை, அங்க வாங்கினா காற்பங்கு விலைதானே?” என்று கேட்பவருக்கு நான் சொல்வது: விலைக்காக அல்ல, கண்காணிப்புக்காகத் தயங்குங்கள். அந்தப் பேனை குளிரில் இருக்க வேண்டிய சாமான், சூட்கேஸில் இருபது மணித்தியாலம் இருக்க வேண்டியது அல்ல. சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை விழுந்து மயங்கலாம். நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்: செமாக்ளூட்டைட்டை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

இதில் எங்களுக்கு அனுகூலமான செய்தி ஒன்று இருக்கிறது, ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஹொங்கொங்கில் வாழ்க்கைமுறை மாற்றத்தை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பருமனானவர்களில் பாதிப்பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் தீர 7 முதல் 10 வீத எடைக்குறைப்புத் தேவைப்பட்டது. பருமன் இல்லாதவர்களில் பாதிப்பேருக்கு 5 வீதமே போதுமாயிருந்தது. 76 கிலோ ஆளுக்கு அது 4 கிலோவுக்கும் குறைவு. தாழ்ந்த எல்லையின் மறுபக்கம் இது. கொஞ்சம் மிஞ்சினால் வழியும், கொஞ்சம் இறக்கினால் வழிவது நிற்கும். இதற்கு 106 கிலோ ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் தழும்பு விழுந்துவிட்டதா என்பதை அறியாமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. ஈரலில் கொழுப்பு உள்ள பெரும்பாலானோருக்கு சிரோசிஸ் வராது. சிலருக்கு வரும், சத்தமில்லாமல் வரும். யாருக்கென்று சாதாரண ஈரல் இரத்தப் பரிசோதனை சொல்லாது. அது சரியாக இருப்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்று நைஸ் அமைப்பு 2016 இலேயே எழுதிவைத்திருக்கிறது. 40 முதல் 74 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் என்.எச்.எஸ். உடற்பரிசோதனையில் எடை, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்ப்பார்கள். கல்லீரல் தழும்பு அதில் வழமையான அங்கம் இல்லை. ஊசிப் பட்டியலைத் திருத்துவதைவிட இதைத் திருத்துவதுதான் அவசரம் என்பது என் அபிப்பிராயம். செலவும் மிகக் குறைவு.

ஏனென்றால் கணக்கு மிக எளிது. ஃபிப்-4 என்பார்கள். வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்கி, அதை இரத்தத்தட்டு எண்ணிக்கையாலும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுப்பது. உதாரணத்துக்கு 52 வயது, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, தட்டுகள் 190 என்றால் விடை 1.64. 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தழும்புப் பயமில்லை, 65 வயது தாண்டியவர்களுக்கு 2 வரை பொறுக்கலாம். 2.67க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணர். இடையில் நிற்கும் 1.64 காரருக்கு அடுத்த பரிசோதனை வேண்டும்: ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், அல்லது ஈ.எல்.எஃப். இரத்தப் பரிசோதனை. சிக்கல் என்னவென்றால் பிரித்தானியாவில் பல ஆய்வுகூடங்கள் கேட்டால் தவிர ஏ.எஸ்.டி. பார்ப்பதில்லை. கணக்கில் ஓர் எண் இல்லாமல் கணக்கு நிற்கிறது.

தனியார் கிளினிக்குகள் சில அடிப்போனெக்டின், லெப்டின் பார்த்துத் தருகிறோம் என்று காசு வாங்குகின்றன. அந்த ஹோர்மோன்கள் நோயைப் புரிந்துகொள்ள உதவும், உங்கள் வைத்தியத்தை மாற்ற உதவாது. அந்தக் காசுக்கு ஓர் அளவு நாடா வாங்கலாம். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று நைஸ் 2022 முதல் சொல்கிறது. 5 அடி 6 அங்குலத்துக்கு 33 அங்குலம். காற்சட்டை அளவு அல்ல, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மூச்சை விட்டபின் அளப்பது. காற்சட்டை எங்கட ஆக்களுக்கு வயிற்றுக்குக் கீழேதான் நிற்கும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின், அப்பாவின் என்.எச்.எஸ். செயலி உங்கள் போனில்தானே இருக்கிறது. வைத்தியருக்கு அவர்களின் தமிழை மொழிபெயர்ப்பவரும் நீங்கள்தான். அதில் போய்ப் பழைய ஸ்கேன் அறிக்கையில் கொழுப்புக் கல்லீரல் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பல அறிக்கைகளில் பித்தக்கல்லைப் பார்க்கப் போன இடத்தில் ஓரத்தில் ஒரு வரியாக அது கிடக்கும். இருந்தால், கிளினிக்குக்கு அனுப்பும் செய்தியில் இரண்டே விடயம் கேளுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.டி.யைச் சேர்த்து ஃபிப்-4 கணக்குப் பார்க்க முடியுமா? நீரிழிவும் இருப்பதால் இதை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பீர்கள்? நீரிழிவு இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். “கொஞ்சம் சீனி” என்பார்கள். அது என்ன எண் என்று எச்.பி.ஏ.1சி. வரியில் இருக்கும்; 48 என்றால் கொஞ்சம் இல்லை.